நடுத்தர நகரத்து விமான நிலையம்: ஏன் இவ்வளவு குறைவாக விமானங்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முனையம் பளபளவென்று இருக்கும். வாயில்கள் ஆறு, எஸ்கலேட்டர் நான்கு. ஆனால் அறிவிப்புப் பலகையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிகளுக்கு மேல் ஓடாது. உலகம் முழுக்க நடுத்தர நகரங்களில் காணும் காட்சி இது. அந்த ஊர்களில் கேட்கப்படும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றுக்குத் தெரிந்தவரை நேரடியான பதில்கள் இங்கே.

ஊரில் இத்தனை லட்சம் பேர் இருக்கிறோம். எங்களுக்கு நாலு விமானம் போதும் என்று யார் முடிவு செய்தது?

யாரும் முடிவு செய்யவில்லை. கணக்கு முடிவு செய்தது. மக்கள்தொகை விமான நிறுவனத்தின் கணக்கில் முதல் வரியில் வருவதே இல்லை. அவர்கள் பார்ப்பது இது: இந்த ஊரிலிருந்து குறிப்பிட்ட அந்த ஊருக்கு, ஒரு திசையில், ஒரு நாளைக்கு எத்தனை பேர் போகிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள்?

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு தடத்தில் ஒரு திசையில் தினமும் 40 பேர் போகிறார்கள் என்று வையுங்கள். வாரத்துக்கு 280 பேர். 180 இருக்கை கொண்ட ஏர்பஸ் ஏ320 விமானத்தை 85 விழுக்காடு நிரப்பிப் பறக்கவிட்டால் ஒரு நடைக்கு 153 பேர். 280 பேருக்கு வாரம் இரண்டு நடைகூட முழுதாகத் தேறாது. வாரம் இரண்டே நாள் என்றால் அலுவலாகப் போகிறவர் அந்த விமானத்தை எண்ணியே பார்க்க மாட்டார். செவ்வாய் போய் வெள்ளி வரை காத்திருக்க அவருக்கு நேரமில்லை. அவர் விலகினால் 40 பேர் என்ற கணக்கு 25 ஆகிவிடும். தினசரி சேவை இல்லாததால் ஆள் இல்லை, ஆள் இல்லாததால் தினசரி சேவை இல்லை. இந்தச் சுழலில்தான் பெரும்பாலான நடுத்தர நகரங்கள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் நான் போகும்போதெல்லாம் விமானம் நிரம்பித்தானே இருக்கிறது?

இருக்கும். நிரம்புவது வேறு, சம்பாதிப்பது வேறு. மூன்று மாதத்துக்கு முன்பே அடிமட்ட விலைக்கு விற்ற 180 இருக்கைகளைவிட, கடைசி வாரத்தில் நல்ல விலைக்குப் போன 130 இருக்கைகள் நிறுவனத்துக்கு இனிக்கும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் தடம் நட்டத்தில் ஓட வேண்டும் என்றில்லை. லாபத்தில் ஓடினாலும், அதே விமானம் வேறொரு தடத்தில் இன்னும் கூடுதலாகச் சம்பாதிக்கும் என்றால் அது அங்கே போய்விடும். தண்டவாளம் போட்டால் அது ஊரோடு கிடக்கும். விமானமோ இன்று இங்கே, அடுத்த அட்டவணையில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஆகவே உங்கள் ஊர் போட்டியிடுவது பக்கத்து ஊரோடு மட்டுமல்ல. அந்த நிறுவனம் பறக்கக்கூடிய எல்லா ஊர்களோடும்தான்.

விமானங்களே போதாத காலத்தில் இது இன்னும் இறுகும். 2023ஆம் ஆண்டு பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் புதுத் தலைமுறை எஞ்சின் பாகங்களுக்கான உலோகத்தூளில் குறைபாடு இருப்பது வெளியானபோது, ஏ320நியோ வகை விமானங்கள் நூற்றுக்கணக்கில் சோதனைக்காகத் தரையில் நிற்க நேர்ந்தது. கையில் இருப்பது குறையும்போது நிறுவனம் எந்தத் தடத்தை முதலில் வெட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

பெரிய விமானம் நிரம்பாது என்றால் சின்ன விமானம் விடலாமே?

சரியான கேள்வி. விடை மட்டும் நாம் விரும்புகிற மாதிரி இல்லை.

மேலே சொன்ன 280 பேர் கணக்கையே எடுங்கள். 72 இருக்கை கொண்ட ஏடிஆர் 72 டர்போப்ராப், 80 விழுக்காடு நிரம்பினால் ஒரு நடைக்கு 58 பேர். வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து நடை போடலாம். வாரம் இரண்டு எங்கே, ஐந்து எங்கே! குறுகிய ஓடுதளமும் அதற்குப் போதும். 300, 400 கிலோமீட்டர் தூரத்தில் ஜெட்டுக்கும் அதற்கும் பறக்கும் நேர வேறுபாடு கால் மணி, இருபது நிமிடம்தான். விசிறி சுழலும் விமானம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், நடுத்தர நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் இன்னும் வரவில்லை.

சிக்கல் மூன்று இடத்தில். முதலாவது, ஒரு நடைக்கான செலவு குறைந்தாலும் ஓர் இருக்கைக்கான செலவு கூடும். இரண்டு விமானிகள், தரையில் அதே வேலையாட்கள், அதே பாதுகாப்புச் சோதனை. பகிர்ந்துகொள்ள ஆள் மட்டும் குறைவு. இரண்டாவது, மலிவுக் கட்டண நிறுவனங்கள் பல ஒரே வகை விமானத்தை வைத்துத்தான் பிழைக்கின்றன. இன்னொரு வகை வந்தால் தனி விமானிகள், தனிப் பயிற்சி, தனி உதிரிபாகக் கிடங்கு.

மூன்றாவது, சின்ன ஜெட்டுகளே அருகிவருகின்றன. தொண்ணூறுகளில் 50 இருக்கை ஜெட்டுகள் வட அமெரிக்காவின் சிறு நகரங்களையெல்லாம் இணைத்தன. எரிபொருள் விலை ஏறியதும் அந்தக் கணக்கு உடைந்தது. அந்த வகையில் புகழ்பெற்ற சிஆர்ஜே வரிசையின் கடைசி விமானம் 2021இல் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. அந்த 50 இருக்கை ஜெட்டுகளுக்கு நேர் வாரிசாகப் புது விமானம் எதுவும் வரவில்லை.

விமானிப் பற்றாக்குறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே ஒரு பிராந்திய விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதையடுத்து 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறத்தல் அனுபவம் வேண்டும் என்று அங்கே விதி வந்தது. அந்த விதி தேவையா என்ற வாதம் தனி. ஆள் கிடைக்காமல் முதலில் திணறியவை சிறு நகரங்களுக்குப் பறந்த பிராந்திய நிறுவனங்கள்தான்.

எங்கே போனாலும் அந்த ஒரே பெருநகரத்தில் இறங்கி மாற வேண்டியிருக்கிறது. நேராகப் போக விட மாட்டார்களா?

அந்தப் பெருநகரத்தைத் துறையில் ஹப் என்பார்கள். சக்கரத்துக்குக் குடம் மாதிரி. ஆரக்கால்கள் எல்லாம் அங்கே வந்து சேரும்.

ஒரு குடமும் பத்து ஆரக்கால் ஊர்களும் இருக்கின்றன என்றால் மொத்தம் 11 ஊர். இவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும் நேரடி விமானம் வேண்டும் என்றால் 55 தடங்கள் தேவை. எல்லோரையும் குடத்தில் இறக்கி ஏற்றினால் பத்தே தடங்களில் அந்த 55 இணைப்பும் கிடைத்துவிடும். உங்கள் ஊரிலிருந்து ஹப்புக்குப் போகும் விமானத்தில் ஹப் நகரத்துக்கே போகிறவர் பாதிப்பேர் இருந்தால் அதிகம். மீதிப்பேர் இருபது முப்பது ஊர்களுக்குச் சிதறிப்போகிறவர்கள். தனித்தனியாக எந்தத் தடத்தையும் தாங்க முடியாத அந்த மூன்று பேர், நான்கு பேர் எல்லாம் சேர்ந்துதான் ஒரு விமானத்தை நிரப்புகிறார்கள்.

ஆகவே ‘எத்தனை ஊருக்கு நேரடிச் சேவை’ என்று எண்ணுவது தவறான அளவுகோல் என்பது என் எண்ணம். நல்ல ஹப் ஒன்றுக்குக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஓடும் இரண்டு விமானங்கள், வாரம் இருமுறை ஆறு ஊர்களுக்கு ஓடும் விமானங்களைவிட ஊருக்கு அதிகம் பயன்படும். திறப்பு விழா ரிப்பனுக்குத்தான் ஆறு ஊர் நன்றாக இருக்கும்.

எங்கள் விமானம் பகல் பன்னிரண்டுக்கு வருகிறது. காலையில் போய் இரவே திரும்ப ஏன் வழியில்லை?

ஏனென்றால் விமானம் தூங்குவது உங்கள் ஊரில் இல்லை.

பெரும்பாலான விமானங்கள் ஹப்பில் இரவைக் கழிக்கும். காலை ஆறு மணிக்கு அங்கிருந்து கிளம்பும் முதல் அலை, நல்ல விலை கிடைக்கும் பெரிய தடங்களுக்குப் போகும். அது திரும்பி வந்த பிறகு, இரண்டாம் மூன்றாம் சுற்றில் உங்கள் ஊர். அதனால் உச்சி வெயிலில் வந்து இறங்குகிறது.

உங்கள் ஊரிலிருந்து காலை ஆறரைக்கு விமானம் கிளம்ப வேண்டுமென்றால் முந்தைய இரவே அது அங்கே வந்து நிற்க வேண்டும். விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் விடுதி, அவர்களுக்குச் சட்டப்படி தர வேண்டிய ஓய்வு நேரம், இரவுக் காவல், காலையில் கோளாறு என்றால் பார்க்க ஒரு பொறியாளர். இதோடு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரமும் அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும். சிறிய நிலையங்கள் பல 24 மணி நேரமும் இயங்குவதில்லை என்பது பலருக்குத் தெரியாது.

நிறுத்திவைக்கத் தளத்தில் இடம் இருக்கிறதா, இரவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா: ஊர் நிர்வாகம் உண்மையிலேயே பேசிச் சாதிக்கக்கூடிய விஷயங்கள் இவை. புதிய தடம் கேட்பதைவிட இதைக் கேட்பது மலிவு.

தாமதம், ரத்து என்றால் முதல் அடி எங்களுக்கே விழுகிறதே?

ஒரே விமானம் நாள் முழுக்க ஐந்தாறு நடை ஓடுகிறது. ஒவ்வோர் ஊரிலும் அரை மணி, நாற்பது நிமிட நிறுத்தம். காலையில் எங்கோ பிடித்த அரை மணித் தாமதம் மாலைக்குள் வட்டியும் முதலுமாக வளர்ந்திருக்கும். அப்போது எதையாவது ரத்து செய்து நேரத்தைப் பிடிக்க வேண்டுமென்றால், குறைந்த பேர் பாதிக்கப்படும் தடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். மனசாட்சி இல்லாத கணக்குதான், ஆனால் கணக்கு.

பனிமூட்டம் தனிக் காரணம். வழிகாட்டும் கருவியான ஐஎல்எஸ் அடிப்படைத் தரத்தில் இருந்தால், ஓடுதளத்தில் பார்வைத் தூரம் சுமார் 550 மீட்டர் வரை குறைந்தாலும் இறங்கலாம். அது இல்லாத நிலையத்தில் அதைவிட நல்ல தெளிவு வேண்டும். இல்லையென்றால் வட்டமடித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடும்.

இங்கிருந்து போனால் ஏன் இவ்வளவு கட்டணம்? தூரம் குறைவுதானே?

கட்டணத்துக்கும் தூரத்துக்கும் உறவு மெல்லியது. போட்டிக்கும் கட்டணத்துக்கும் உள்ள உறவுதான் கெட்டியானது. ஒரே நிறுவனம் மட்டும் ஓட்டும் தடத்தில் அது கேட்டதுதான் விலை.

இரண்டாவது ஆள் வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெயரே இருக்கிறது: ‘சவுத்வெஸ்ட் விளைவு’. சவுத்வெஸ்ட் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனம் நுழைந்த தடங்களில் கட்டணம் சரிந்து பயணிகள் பெருகியதைப் பார்த்து, 1993இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை வைத்த பெயர் அது. கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரம் இதை வேண்டுமென்றே வரவழைத்தது. 2002இல் ஒரு மலிவுக் கட்டண நிறுவனத்துக்கு நட்டம் வந்தால் ஈடுகட்டுவதாக வாக்குக் கொடுத்து அழைத்து வந்தது. ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தவர்களும் விலையைக் குறைத்தார்கள்.

அப்படியானால் இரண்டு மணி நேரம் காரில் போய்ப் பக்கத்துப் பெரிய விமான நிலையத்தில் ஏறினால் என்ன தவறு?

தவறே இல்லை. உங்கள் பணம், உங்கள் நேரம். ஆனால் அதைத் துறையில் ‘கசிவு’ என்கிறார்கள். ஒரு நகரத்தின் விமானச் சேவையை உள்ளிருந்து அரிப்பது அதுதான். பெரிய நிலையத்தில் ஏறியவர் கணக்கில் ‘பெரிய நகரத்துப் பயணி’ என்றே பதிவாவார். உங்கள் ஊரில் தேவை இருக்கிறது என்பதற்கான சாட்சியம் அதோடு மறைந்துவிடும்.

இதற்காக ஊர்ப்பற்று காட்டி இரட்டிப்பு விலை கொடுங்கள் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் ஒப்பிடும்போது முழுக் கணக்கையும் போடுங்கள்: எரிபொருள், சுங்கம், நிறுத்துமிடக் கட்டணம், விடியற்காலை மூன்று மணிக்கு எழுவது, திரும்பும்போது தூக்கக் கலக்கத்தில் ஓட்டுவது. பலருக்கு வித்தியாசம் தாங்கள் நினைத்த அளவு இருக்காது. சிலருக்கு இருக்கும். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் கார்தான் வெல்லும், ஒத்துக்கொள்கிறேன்.

மாறிப் போகும்போது டிக்கெட் எப்படி எடுப்பது நல்லது?

ஒரே டிக்கெட்டாக. முதல் விமானத்தைத் தனியாகவும் இரண்டாவதைத் தனியாகவும் வாங்கினால் மலிவாகத் தெரியும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அது உங்கள் பாடு. ஒரே டிக்கெட் என்றால் உங்களை ஊர் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. சேவை குறைந்த ஊர்க்காரர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். பெருநகரத்தில் அடுத்த விமானம் ஒரு மணி நேரத்தில் வரும். உங்களுக்கு அடுத்தது நாளைக்கு. அதே காரணத்தால், திரும்பும்போது அன்றைய கடைசி விமானத்தை நம்பிக் குறுகிய இடைவெளி வைக்காதீர்கள்.

ஓடுதளத்தை நீட்டிப் புது முனையம் கட்டினால் விமானங்கள் வந்துவிடும் என்கிறார்களே?

குளம் வெட்டினால் மழை பெய்யும் என்பது போன்ற நம்பிக்கை இது.

ஓடுதளம் குட்டையாக இருந்து பெரிய விமானம் முழு எடையோடு எழும்ப முடியாத நிலை இருந்தால், நீட்டுவதில் பொருள் உண்டு. வெயில் காலத்தில் காற்றின் அடர்த்தி குறைவதால் இந்தத் தொல்லை கூடும். இருக்கைகளைக் காலியாக விட்டுக் கிளம்புகிற நிலையங்கள் இருக்கின்றன. நிலையத்தில் இருக்க வேண்டிய தீயணைப்பு வசதியின் தரமும் அப்படித்தான். விமானத்தின் நீள அகலத்தைப் பொறுத்து அது ஏறும்: ஏடிஆர் 72க்கு ஐந்தாம் தரம், ஏ320க்கு ஆறாம் தரம், போயிங் 777-300க்கு ஒன்பதாம் தரம். தடை உண்மையிலேயே இருக்கும் இடத்தில் தடையை நீக்க வேண்டியதுதான்.

ஆனால் தேவையே இல்லாத இடத்தில் கான்கிரீட் தேவையை உண்டாக்காது. ஸ்பெயினில் சியுதாத் ரியால் என்ற சிறிய நகரத்தில் நான்கு கிலோமீட்டர் நீள ஓடுதளத்தோடு ஒரு விமான நிலையம் 2008இல் திறந்தது. 2012இல் மூடியது. இலங்கையில் 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையத்துக்கு 3,500 மீட்டர் ஓடுதளம் உண்டு, ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரைக் கையாளும் முனையம் உண்டு. விமானங்கள்தான் நிலைக்கவில்லை. ‘உலகின் மிகவும் காலியான சர்வதேச விமான நிலையம்’ என்ற பட்டப்பெயர்தான் மிஞ்சியது.

கட்டிய கடனைத் திருப்ப நிலையம் தன் கட்டணங்களை ஏற்றும். ஏறிய கட்டணத்தைப் பார்த்து இருக்கிற நிறுவனமும் யோசிக்கும். இப்படி எதிர்விளைவும் உண்டு.

பெயர்ப்பலகையில் ‘சர்வதேச விமான நிலையம்’ என்று இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் ஏன் வரவில்லை?

சுங்கமும் குடிநுழைவும் இருந்தால் அந்தப் பெயர் கிடைத்துவிடும். வெளிநாட்டு நிறுவனம் வர அது போதாது. 1944 சிகாகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளி மேல் முழு உரிமை. அதனால் நாடுகள் இருவர் இருவராக ஒப்பந்தம் போட்டுக்கொள்கின்றன. எந்த நிறுவனம், வாரத்துக்கு எத்தனை இருக்கை, எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று பல ஒப்பந்தங்களில் பட்டியலே இருக்கும். அந்தப் பட்டியலில் உங்கள் ஊர் இல்லையென்றால் நிறுவனமே ஆசைப்பட்டாலும் வர முடியாது. சொந்த நாட்டு நிறுவனங்களைக் காப்பாற்ற அரசுகள் இந்தக் கதவைச் சாத்தியே வைப்பதும் நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் உள்ளுக்குள் கதவை முழுதாகத் திறந்துவிட்டது. 1997 ஏப்ரல் முதல் எந்த உறுப்பு நாட்டு நிறுவனமும் இன்னோர் உறுப்பு நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் பறக்கலாம். அங்கே சிறு நகரங்களுக்கு இவ்வளவு வெளிநாட்டு விமானங்கள் போவதற்கு அது பெரிய காரணம்.

பெரிய விமான நிலையத்தில் இடம் இல்லை என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். அது சாக்கா?

பாதி நேரம் உண்மை. நெரிசலான நிலையங்களில் இறங்கவும் எழும்பவும் நேர ஒதுக்கீடு வேண்டும், அதுதான் ஸ்லாட். ஒதுக்கியதில் 80 விழுக்காடு பயன்படுத்தினால் அடுத்த பருவத்துக்கும் அது அதே நிறுவனத்துக்கே. 2016இல் லண்டன் ஹீத்ரோவில் ஒரு ஜோடி ஸ்லாட் 7.5 கோடி டாலருக்குக் கைமாறியதாகச் செய்தி வந்தது. அவ்வளவு விலைமதிப்புள்ள ஒரு நொடியில் 72 பேர் வந்து இறங்குவதை நிறுவனம் விரும்புமா, 300 பேர் இறங்குவதையா?

அரசு மானியம் கொடுத்தால்?

கொடுக்கிறார்கள், பல நாடுகளில். அமெரிக்காவில் 1978இல் கட்டுப்பாடுகளை நீக்கியபோதே, சிறு ஊர்கள் கைவிடப்படும் என்று தெரிந்து அத்தியாவசிய வான்சேவைத் திட்டத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள். இன்றும் ஓடுகிறது. ஐரோப்பாவில் பொதுச்சேவைக் கடமை என்ற பெயரில் தடத்தை ஏலம் விட்டு, குறைந்த மானியம் கேட்பவருக்குக் கொடுக்கிறார்கள். தீவுகளுக்கும் மலைப்பகுதிகளுக்கும் அது உயிர்நாடி.

மானியம் நின்ற பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் பாடம் இருக்கிறது. இந்தியாவின் உடான் திட்டத்தில் மூன்றாண்டு மானியம், அதன்பின் சொந்தக் காலில் நிற்க வேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கைப்படி, மூன்றாம் சுற்று வரை கொடுத்த 774 தடங்களில் 371தான் பறக்கவே தொடங்கின. மூன்றாண்டை முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. திட்டமே வீண் என்று இதைப் படிக்கக்கூடாது. அந்த 54 தடங்கள் திட்டம் இல்லாவிட்டால் தொடங்கியே இருக்காது. ஆனால் புதிய தடம் ஒன்று அறிவிக்கப்படும்போது, நான்காம் ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மேடையில் பதில் இருக்காது.

நகரமே நேரடியாக நிறுவனத்துக்குச் சலுகை கொடுக்கலாமா?

கொடுக்கலாம்; சட்டம் இடம் தருகிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ஜியத்தின் ஷார்லெருவா நிலையம் ரையன்ஏர் என்ற மலிவுக் கட்டண விமான நிறுவனத்துக்குத் தரையிறங்கும் கட்டணத் தள்ளுபடி முதலான சலுகைகள் கொடுத்து, 2001இல் அதன் தளமானது. அவற்றில் ஒரு பகுதி சட்டவிரோத உதவி என்று ஐரோப்பிய ஆணையம் 2004இல் தீர்த்தது. 2008இல் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. வழக்கு எப்படிப் போனாலும், அந்த நிலையம் வளர்ந்துவிட்டது.

வெறும் காசு கொடுப்பதைவிட, வருவாய் ஒரு அளவுக்குக் கீழே போனால் மட்டும் ஈடுகட்டும் உத்தரவாதம் நல்லது. நிறுவனத்தின் பயம் குறையும், தடம் நன்றாக ஓடினால் நகரத்துக்குச் செலவும் இல்லை.

இருக்கிற ஒரே பெரிய நிறுவனமும் போய்விட்டால் ஊர் அவ்வளவுதானா?

வலிக்கும், ஆனால் அதோடு முடிந்துவிடாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம் 1992இல் ஒரே நிறுவனத்தின் ஹப்பை மனதில் வைத்துப் பிரம்மாண்ட முனையம் கட்டியது. 2004இல் அந்த நிறுவனம் ஹப்பை மூடியது. மெம்பிஸில் நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் ஹப் இருந்தது. 2008இல் டெல்டா நிறுவனம் நார்த்வெஸ்டை வாங்கியது. பக்கத்திலேயே அட்லாண்டாவில் தன் பெரிய ஹப் இருக்கும்போது இது எதற்கு என்று 2013இல் இழுத்து மூடியது.

ஆனால் மெம்பிஸ் நிலையம் தூங்கவில்லை. சரக்கு நிறுவனமான ஃபெட்எக்ஸ் 1973 முதல் அங்கேதான். 1993 முதல் 2009 வரை உலகிலேயே அதிகச் சரக்கைக் கையாண்ட நிலையம் அதுதான். பயணி பார்ப்பது காலி வாயில்களை. இரவு பதினொன்றுக்கு மேல் அங்கே வானமே தெரியாத அளவுக்கு விமானங்கள் வரும்.

சின்சினாட்டி இன்னும் சுவையான கதை. டெல்டாவின் உச்சகாலத்தில் நாளுக்கு 600க்கு மேல் புறப்பாடுகள். அந்த ஊர்க்காரர்கள் கொடுத்த கட்டணமோ நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. டெல்டா சுருங்கிய பின் மலிவுக் கட்டண நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வந்தன, கட்டணம் இறங்கியது. விமானங்கள் குறைந்தன, உள்ளூர்க்காரருக்குப் பயணம் எளிதானது. விமானங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு நிலையத்தை எடைபோடக்கூடாது என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு இது.

ரயிலோ பேருந்தோ அந்த இடத்தை நிரப்ப முடியாதா?

குறுந்தூரத்தில் தாராளமாக. பிரான்சில் லியோன் நகரிலிருந்து அதிவேக ரயில் பாரிஸ் பெரிய விமான நிலையத்தின் அடியிலேயே போய் நிற்கிறது. அமெரிக்காவின் ஆலன்டவுனிலிருந்து நியூவர்க் நிலையத்துக்கு விமான எண் போட்ட பேருந்தே ஓடியிருக்கிறது. டிக்கெட்டில் விமானம் மாதிரியே இருக்கும், போய்ப் பார்த்தால் டயர் நான்குக்கு மேல். சிரிப்பு வரலாம். ஆனால் ஒரே டிக்கெட், இணைப்புக்கு உத்தரவாதம் என்றால் அதுவும் சேவைதான்.

நாங்கள் என்னதான் செய்வது? கையெழுத்து இயக்கம் நடத்தலாமா?

கையெழுத்தை வைத்து எந்த நிறுவனமும் விமானம் விட்டதில்லை. டிக்கெட் வாங்குவேன் என்பவரின் கையெழுத்துக்கும் வாங்கியவரின் ரசீதுக்கும் உள்ள தூரம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பயன்படுவது வேறு. ஊரில் உள்ள பெரிய நிறுவனங்கள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகம் ஆகியவற்றில் கடந்த ஆண்டு யார் எங்கே எத்தனை முறை பறந்தார்கள், எந்த நிலையத்திலிருந்து ஏறினார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்று திரட்டுங்கள். கசிவின் அளவு அதில் தெரியும். ‘உங்கள் விமானம் வந்தால் இத்தனை பயணங்களை இங்கே மாற்றுகிறோம்’ என்று அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு வர்த்தகச் சபையும் விமான நிலையமும் சேர்ந்து போகட்டும். கேட்பதையும் சிறிதாகக் கேளுங்கள்: ஏற்கெனவே ஓடும் ஹப் விமானத்துக்கு ஒரு காலை நடை. பத்து ஊர் கேட்டுப் போகிறவர்களைவிட, ஒரு நேரம் கேட்டுப் போகிறவர்கள் வாங்கி வர வாய்ப்பு அதிகம்.

எப்போது கேட்க வேண்டும்?

விமான அட்டவணைக்கு ஆண்டில் இரண்டு பருவம். கோடைக்கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கும், குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு. நெரிசலான நிலையங்களின் ஸ்லாட்டுகளை ஒதுக்கும் உலக மாநாடு அதற்கு நான்கைந்து மாதம் முன்பே, நவம்பரிலும் ஜூனிலும் கூடிவிடும். மார்ச்சில் விமானம் வேண்டுமென்று பிப்ரவரியில் மனுக் கொடுப்பது பந்தி முடிந்து இலை எடுத்தபின் வருவது போல. முந்தைய கோடையிலேயே பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும்.